ஆறாம் முளைத் தண்ணீர்

எண்ணூர் ஸ்டேஷன் பார்சல் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் என் கைவழியாகப் போகாத சரக்கு கிடையாது. ஐஸும் மரத்தூளும் சொட்டும் இறால் கூடை, உப்பு மூட்டை, கருவாட்டுச் சிப்பம் என்று எல்லாம் போகும். வெள்ளைக்காரன் காலி செய்துவிட்டுப் போன பங்களாவிலிருந்து பியானோ ஒன்றுகூடப் போயிற்று. ஆனால் வாரா வாரம் ராயபுரத்துக்குப் புக் ஆகும் ஒரு சின்ன மரப்பெட்டி மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. உள்ளே வைக்கோல் திணித்து ஆறு கண்ணாடி பாட்டில்கள் இருக்கும். பாட்டிலில் பால் விடாத டீயின் நிறத்தில் தண்ணீர். சேற்றுத் தண்ணீரைக் கட்டணம் கட்டி ரயிலேற்றுகிற அரசாங்கத்தை நினைத்து ஆரம்பத்தில் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். கேலி செய்ய ஆளும் கிடைத்தான். பெட்டியைத் தூக்கிவருகிற வரதன்தான் அவன்.

வரதன் கால்வாய்க்கு அக்கரைக் குப்பத்துக்காரன். கட்டுமரம் புரண்டதில் தோள்பட்டை விலகி, கடலுக்கு ஆகாதவனாகிப் போனான். மீன்வள இலாகா அவனுக்கு ஒரு காக்கிச் சட்டையும் அந்தப் பெட்டியும் கொடுத்திருந்தது. குப்பத்தில் அவனுக்கு 'தண்ணி ஆபீசர்' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான், ஆனால் அவன் அதை உத்தியோகப் பெயராகவே எடுத்துக்கொண்டுவிட்டான். காக்கிச் சட்டை போடாமல் ஒரு நாளும் என் கவுண்டருக்கு வந்ததில்லை.

"சிரி சார், சிரி. அந்தத் தண்ணி பேசும். பேசறத்த கேக்க ராயபுரத்துல ஒரு அம்மா கீது," என்பான்.

அவன் சொன்னது பொய்யில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு தோணியில் போனபோது தெரிந்துகொண்டேன். கால்வாயைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுப்பு. கோரையும் நாணலும் எந்தக் காலத்திலிருந்தோ செத்துச் செத்து, மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிந்த கறுப்புச் சேறு. மண்வெட்டியால் வெட்டினால் பாளம் பாளமாக வரும். காயவைத்தால் விறகு மாதிரி எரியும். அந்தச் சதுப்பின் தண்ணீர் ஒரு மதகு வழியாக ஆற்று முகத்துவாரத்தில் இறங்கும். ஐப்பசி மழையோடு இறால் குஞ்சு முகத்துவாரத்தில் ஏறும். குப்பத்து ஜனங்கள் அதை வைத்துத்தான் வருஷம் முழுக்கச் சோறு தின்றார்கள்.

முந்தின வருஷம் முதல் மழைக்கு வழக்கம்போல மதகைத் திறந்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் இறால் குஞ்சும் மடவை மீனும் வெள்ளையாக வயிற்றைக் காட்டி மிதந்திருக்கின்றன. ராயபுரத்திலிருந்து தேவப்பிரியம் என்கிற ரசாயனம் படித்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு, சதுப்புத் தண்ணீர் புளித்துப்போய் இறங்கியதுதான் காரணம் என்று சொன்னார். சதுப்பில் ஆறு இடத்தில் சவுக்கு முளை அடித்து நம்பர் போட்டார். அன்றைக்குக் குப்பமே எல்லையம்மன் முன்னால் கூடி ஒரு வார்த்தை கொடுத்தது. இனி அந்த அம்மாள் சொல்லாமல் மதகுப் பலகை எழும்பாது என்பதுதான் அந்த வார்த்தை.

தோணியில் வரதன் செய்த வேலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முளையருகிலும் அந்த இடத்துத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து, குலுக்கி, கொட்டினான். இப்படி மூன்று தரம். அதற்கப்புறம்தான் மொண்டு மூடினான். ஏன் என்று கேட்டேன்.

"அந்த அம்மா சொல்லிகீது. செய்யறேன்," என்றான். அதற்குமேல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த ஐப்பசிக்குச் சற்று முன்னால் வரதனைக் குளிர்காய்ச்சல் போட்டுத் தள்ளியது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் மனைவி பட்டம்மாள் வந்தாள். கவுண்டரில் பெட்டியை இறக்கின விதத்திலேயே தெரிந்தது, இவள் ஒன்றும் பயந்த சுபாவக்காரி இல்லையென்று.

"தண்ணி ஆபீசருக்கு ஜொரம் சார். ஒதறிகினு படுத்துகீது. நான்தான் மொண்டாந்தேன்."

"தனியாவா தோணி தள்ளினே?"

"தோணி இன்னா, என்னிய கடிச்சிடுமா?"

பெட்டியைத் திறந்து காட்டினாள். பாட்டில்கள் புதுசு போலப் பளபளவென்று இருந்தன. நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எத்தினி நாளா வெள்ளையா உப்பு பூத்துக் கெடந்துச்சு தெரிமா சார்? ஆம்பள கழுவினா அப்டித்தான். படிச்ச பொம்பள கையில போற சாமான். கலீஜா அனுப்பினா அது என் வூட்டப் பத்தி இன்னா நெனைக்கும்?"

அடுத்த வாரமும் அவள்தான் கொண்டுவந்தாள். அதுவும் பளபளப்புத்தான்.

மழை பிடித்துக்கொண்ட அன்று ராயபுரத்திலிருந்து இலாகா பியூன் வந்து இறங்கினான். வந்த இரண்டு பெட்டியிலும் ஆறு முளைத் தண்ணீரும் புளிப்பேறியிருக்கிறது, எக்காரணம் கொண்டும் மதகைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். குப்பம் வார்த்தை கொடுத்த குப்பம். பலகையைத் தொடவில்லை. ஆனால் மழை யாருக்கும் வார்த்தை கொடுக்கவில்லையே. வடிய வழியில்லாத தண்ணீர் சதுப்பில் ஏறி, கோரையை முழுங்கி, குடிசைக்குள் நுழைந்தது. கோவிந்தம்மா என்கிறவள் கைக்குழந்தையைப் பரண்மேல் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று கஞ்சி காய்ச்சினாள். விறகு நனைந்துபோனவர்கள் பச்சை அவலைத் தின்றார்கள். கோபம் யார்மேல் போகும்? காய்ச்சலில் கிடந்த வரதன்மேல்தான் போயிற்று. "ஒன் பாட்டிலு வந்துதான் எங்க வூடு முழுவுது" என்று வாசலில் வந்தே கேட்டுவிட்டுப் போனார்கள்.

தேவப்பிரியம் அம்மாளே வந்துவிட்டார். ரயிலைவிட்டு இறங்கி, குப்பத்துக்கு வழி கேட்டார். மழையில் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் குடையோடு கிளம்பினேன். பாதி வழியில் சேறு அவருடைய செருப்பின் வாரை அறுத்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். நேராக ஒவ்வொரு குடிசையாக எட்டிப் பார்த்தார். கோவிந்தம்மாவின் பரண்மேல் கிடந்த குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான், "தோணி யார் தள்றா?" என்றார்.

பட்டம்மாள் தள்ளினாள். கொட்டுகிற மழையில் இருவரும் ஆறு முளைக்கும் போனார்கள். நீலக் காகிதத் துண்டு ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் நனைத்துப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பியபோது குப்பமே கூடி நின்றது. பெரியதனக்காரர் திருமலை முன்னால் நின்றார். குப்பத்துக்குச் சொல் சொல்கிறவர் அவர்தான்.

"இன்னாம்மா சொல்லுது தண்ணி?"

"அஞ்சு முளையில காகிதம் நீலமாவே இருக்குங்க. புளிப்பு இல்ல. ஆறாவதுல மட்டும் தொட்டவுடனே செவந்துடுச்சு."

"அப்ப தொறந்துடலாமா?"

அந்த அம்மாள் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கும்பிட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

"போன ரெண்டு பெட்டியிலயும் ஆறுமே புளிப்பு, ஐயா. இன்னிக்கு மேல நிக்கிறது மழைத் தண்ணியா இருக்கலாம். புளிப்பு அடியில கிடக்கலாம். பலகையைத் தூக்கினா அடித்தண்ணிதான் முதல்ல பாயும். இன்னும் ரெண்டு பெட்டி பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"அதுக்குள்ள வூடு கரைஞ்சுடும்மா."

"தெரியுது. எல்லா வீட்டையும் பாத்துட்டுத்தான் பேசறேன். ஆனா குஞ்சு செத்துப்போச்சுன்னா உங்களுக்கு ஒரு வருஷமே போயிடும். தெரியாத ஒண்ணைத் தெரியும்னு என்னால சொல்ல முடியாது."

அவரவர் இடுப்பில் கைவைத்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது. அதே நேரம், இப்படி வெறுப்பைச் சம்பாதித்துக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டுமே என்றும் தோன்றியது.

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பட்டம்மாள் விடவில்லை. "ஒரு வாய் துன்னுட்டுப் போ. யார் மேல கோவமா இருந்தாலும் வவுத்துக்கு இன்னா தெரியும்?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். வரதன் வீடு குப்பத்தின் கடைசி வீடு, ஆறாம் முளைக்கு நேர் முன்னால். கொஞ்சம் மேடான இடமாதலால் உள்ளே ஈரமே தவிரத் தண்ணீர் இல்லை. மூலையில் வரதன் கோணிப் போர்வைக்குள் சுருண்டிருந்தான். அந்த அம்மாளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து காக்கிச் சட்டையைத் தேடினான்.

அடுப்பில் சட்டி ஏறியது. மடவை மீனைக் கழுவி வைத்திருந்தாள். மண் கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கரைத்தபடியே பட்டம்மாள் கேட்டாள்.

"அந்தக் காயிதம் எப்டிம்மா செவக்குது? சாயம் கீதா அதுல?"

"சாயந்தான். புளிப்பைக் கண்டா நிறம் மாறும். தோ, பாரு."

தேவப்பிரியம் ஒரு நீலத் துண்டைக் கிழித்து, விளையாட்டாக அந்தப் புளிக்கரைசலிலேயே நனைத்தார். காகிதம் சிவந்தது. "புளி, எலுமிச்சம்பழம், மோரு, எதுல போட்டாலும் இப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அடுப்பில் குளிர்காயத் திரும்பிக்கொண்டார்.

பட்டம்மாளின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், காரணம் விளங்கவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு கூரையில் செருகியிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கூட்டியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மாள் மழைமேல் பழியைப் போட்டுவிட்டு ரயிலேறியிருப்பார்.

"யம்மா," என்றாள். "ரெண்டு பெட்டியும் நான்தான் கழுவினேன். புளியும் மணலும் போட்டுக் குலுக்கி, ராவெல்லாம் ஊற வச்சிருந்தேன்."

தேவப்பிரியம் சட்டென்று திரும்பினார்.

"இன்னாமே பேத்தற?" என்றான் வரதன். "ஜொரம் எனுக்கா ஒனுக்கா? அது வேற பாட்டிலும்மா, எண்ண பாட்டிலு..."

"நீ சொம்மா இரு. எண்ண பாட்டிலு இல்லம்மா, ஒன் பாட்டிலுதான். நல்ல தண்ணி ஸ்டேசன் கெணத்துலேர்ந்து தூக்கியாரணும். அதனால ஒரே ஒரு அலசு அலசி வெயில்ல கவுத்துட்டேன்."

"முளைகிட்ட மூணு தரம் அலசிட்டுத்தானே மொண்டே?"

"இல்லியே. இவுரு சொல்லிச்சு. நான்தான் கேக்கல. சுத்தமா கழுவி வச்சத்துல அந்தச் சேத்துத் தண்ணிய ஊத்தி அலசினா, அப்பால கழுவினதே தெண்டம் இல்லியா?"

அந்த அம்மாள் சிவந்துபோன காகிதத் துண்டைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தப்புல பாதி என்னுது," என்றார் கடைசியில். "எப்படி அலசணும்னு இவர்கிட்ட சொன்னேன். ஏன்னு சொல்லல. ஆறு இடத்துத் தண்ணியும் ஒரே அளவுல புளிச்சிருந்ததே, அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும்."

"பாதியோ முக்காலோ, அத்த அப்பால பங்கு போடலாம்மா. பரண்மேல கொயந்த கெடக்குது. வா, வெளிய வந்து சொல்லு."

"வேல பூடும்மே," என்றான் வரதன். அவன் குரல் அழுகிறவன் குரலாக இருந்தது.

"போட்டும்."

சொல்வதை அவள் அந்த அம்மாளிடம் விடவுமில்லை. மழையில் நின்றுகொண்டு தானே சொன்னாள். புளி போட்டது, அலசாதது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதன்பிறகு கோவிந்தம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஒன் சுத்தத்துல இடி வுழ! எங்கள சேத்துல ஊறப்போட்டுட்டு நீ பாட்டிலு வெளக்கினியா? எம்புள்ளைக்கு மாரெல்லாம் சளி கட்டிகினு கீதுடி! மினுக்கி! மினுக்கி!"

பட்டம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையும் குனியவில்லை. கோவிந்தம்மா களைத்து நிறுத்தும்வரை அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். இந்த ஸ்டேஷனுக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். அப்படி நிற்கத் தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

திருமலைதான் கையமர்த்தினார். "ஆனது ஆய்ப்போச்சு. இப்ப தொறக்கலாமாம்மா?"

"அஞ்சு முளைத் தண்ணி நல்லா இருக்கு. ஆறாவது இன்னிக்கு நானே பாத்தேன், நிஜமாவே புளிப்பு," என்றார் தேவப்பிரியம். "இந்தக் கோடையில அந்த இடத்துல என்ன நடந்துச்சு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடையில் விறகு கிராக்கி. வரதன் வீட்டுப் பக்கம் வழி சுலபம் என்று குப்பமே அங்கே கறுப்புச் சேற்றைப் பாளம் பாளமாக வெட்டி, அவன் வீட்டைச் சுற்றியே அடுக்கிக் காயவைத்து எரித்திருந்தது. திருமலை அதைச் சொன்னார்.

"அதான். அந்தச் சேறு தண்ணிக்குள்ள இருக்கிற மட்டும் சாது. வெயில்ல காஞ்சு மறுபடி நனைஞ்சா புளிச்சுடும். போன வருஷமும் இதேதான் நடந்திருக்கும். வெட்டின பள்ளத்தையும் காயவச்ச இடத்தையும் கரை கட்டித் தனியா ஒதுக்கணும். ஒதுக்கி, அந்தத் தண்ணியை வடியவிடாம மண்ணை முழுக்கியே வைக்கணும். அப்படின்னா மதகை இன்னிக்கே திறக்கலாம்."

"எங்கேர்ந்து எங்க கட்டணும்?"

அந்த அம்மாள் கையை நீட்டினார். ஒற்றைப் பனையிலிருந்து கால்வாய்க் கரை வரைக்கும். நீட்டிய கை பாதியில் தயங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் பள்ளம் இருந்தது. காயவைத்த இடம் இருந்தது. நடுவில் வரதன் வீடும் இருந்தது.

"வூட்ட வுட்டுட்டு வளைச்சுக் கட்டிடலாம்," என்றார் திருமலை அவசரமாக.

"வீட்டைச் சுத்தித்தானே காயவச்சிருக்கீங்க, ஐயா. அதை விட்டா கட்டறதுல அர்த்தமே இல்ல."

அப்போது வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு வரதன் வெளியே வந்தான். காக்கிச் சட்டை போட்டிருந்தான். பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"ஆறாம் நம்பரு என்னோட நம்பரு. கரை எங்க போவணும்னு நான் காட்றேன், வாங்க," என்றான். ஒரு மூங்கிலை எடுத்துப் பனையடியில் தானே முதல் குத்துக் குத்தினான்.

பட்டம்மாள் அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதிக் காட்ட மாட்டேன். அது அவர்கள் சமாச்சாரம். அவள் உள்ளே போய்ப் பாதியில் விட்ட குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கினாள். வெளியே பனந்துண்டும் களிமண்ணும் கோரைக்கட்டுமாகக் கரை ஏறிக்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். தேவப்பிரியம் அம்மாள் அந்த வரிசையில் நின்றார். பார்சல் கிளார்க்கான நானும் நின்றேன், இடுப்பு ஒரு வாரம் வலித்தது. சோற்றில் குழம்பைப் பிசைந்து உருட்டி, வரிசை நெடுக ஒவ்வொருவர் வாயிலும் பட்டம்மாளே போட்டுக்கொண்டு வந்தாள், எல்லார் கையும் சேறாயிருந்ததால். கோவிந்தம்மாவிடம் வந்தபோது ஒரு நொடி நின்றாள். கோவிந்தம்மா வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே, "ராவுக்கு எங்கூட்டுல வந்து படுத்துக்க. தண்ணி வடிஞ்சிடும்," என்றாள்.

பாத்திரம் பண்டம், கதவு, கூரைக் கம்பு எல்லாம் கழற்றி எடுத்தாயிற்று. மண் அடுப்பை மட்டும் பெயர்க்க முடியவில்லை. கரை மூடிய பிறகு திருமலை மதகுப் பலகையைத் தூக்கினார். சதுப்பே ஒரு மூச்சு விட்ட மாதிரி இரைச்சல் எழுந்தது. ஒரு பக்கம் குடிசைகளிலிருந்து தண்ணீர் இறங்க, கரைக்கு அந்தப் பக்கம் அடைபட்ட மழைத் தண்ணீர் ஏறியதில் பட்டம்மாளின் சுவர்கள் கரைந்து உட்கார்ந்தன. அவள் பார்க்கவில்லை. பரணிலிருந்து கோவிந்தம்மாவின் குழந்தையை இறக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் இறால் வந்த வரத்தை என் கவுண்டர் சொல்லும். கூடை அடுக்க இடமில்லாமல் பிளாட்பாரம் முழுக்க ஐஸ் தண்ணீர் ஓடியது. வரதனுக்கு வேலை போகவில்லை. தேவப்பிரியம் அம்மாள் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, பொங்கலுக்குள் பட்டம்மாளையும் இலாகா சேர்த்துக்கொண்டது. கால்வாய்க் கரையில் குப்பத்தார் அவர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் பெட்டி கொண்டுவந்தவள் பெரும்பாலும் அவள்தான். பாட்டில்களில் உப்புப் பூத்திருக்கும். அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. ஆறாம் முளையை மட்டும் அந்த அம்மாள் இடம் மாற்றி, வீடு இருந்த இடத்தில் அடித்திருந்தார். வாரா வாரம் தோணியை அங்கே நிறுத்தி, மூன்று தரம் அலசிக் கொட்டி, தன் சமையல்கட்டின்மேல் நின்ற தண்ணீரை மொண்டு வருவாள். அந்தப் பாட்டில் தண்ணீரில் நீலக் காகிதம் சிவந்துகொண்டேயிருந்தது. இரண்டு கோடை போயிற்று. கரைக்குள் தண்ணீர் வற்றும்போதெல்லாம் புருஷனும் பெண்சாதியும் கால்வாயிலிருந்து இறைத்து ஊற்றி அந்த மண்ணை நனைத்தே வைத்தார்கள்.

ஒரு நாள் பெட்டியை வைத்தவள், மடியிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து என் மேஜைமேல் போட்டாள்.

"ஆறாம் நம்பரு சார். இப்பத்தான் நனைச்சேன்."

நீலமாகவே இருந்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "அப்புறமென்ன? கரையை வெட்டித் தண்ணியை வடியவிட்டு, உன் இடத்துலயே மறுபடி வீடு கட்டிக்கலாமே!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வடிஞ்சா மண்ணு காயும் சார். காஞ்சா மறுபடி புளிக்கும். என் அடுப்பு தண்ணிக்கடியிலயே கெடக்கட்டும். மேல இறாலு மேயுது."

கண்ணில் நீர் கட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. வண்டி வரும் மணி அடித்தது.

"பெட்டிய சாய்ச்சு வைக்காத சார்," என்றாள். "ஆறாம் நம்பரு மூடி கசியும்."